அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள்

1

இந்தக் கதை எனக்குப் பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. தேடி அலைந்து பிடித்ததல்ல, உட்கார்ந்த இடத்தில் வந்து விழுந்தது. கன்னம் வீங்கி, வாயை ஒரு பக்கம் மட்டும் திறக்க முடிகிற நிலையில் சாய்ந்திருந்தேன். இரண்டு நாற்காலி தள்ளி ஒரு பெண் சுவரைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். போனில் பேசுகிறாள் என்று நினைத்தேன். போன் மடியில் அணைந்து கிடந்தது. ஒரே வாக்கியத்தை அந்த ஊர் மொழியில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தாள்.

"நீங்க சொல்றதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு என்னால வாக்குக் குடுக்க முடியாது. ஆனா நீங்க தாராளமா பேசலாம்."

முதலில் கண்டிப்பாகச் சொன்னாள். பிறகு கெஞ்சுகிற குரலில். பிறகு விமானத்தில் பெல்ட் போடச் சொல்வார்களே, அந்தக் குரலில். எதிலும் அந்த வாக்கியம் ஒழுங்காக உட்காரவில்லை. இதைக் கேட்ட பிறகு எந்த மனிதர் வாயைத் திறப்பார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. யாரிடம் சொல்லப்போகிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது அவளும் இல்லை, என் பல்லும் இல்லை.

வெளிநாட்டிலிருந்து வந்து படிக்கிறவர்களுக்கு ஆலோசகராக வேலை பார்ப்பவர்களுக்கு அந்த வாக்கியம்தான் பாலபாடம் என்று பிற்பாடு ஒருவர் சொன்னார். ஆக, அவள் அந்த வேலைக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்திருக்க வேண்டும். இதற்கு மேல் வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கம் ஒன்று: "மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவள் பல்கலைக்கழகத்தின் படியேறியபோது" — வேண்டாம். என் கதைகளில் ஏற்கெனவே வெள்ளச் சேதம் அதிகம்.

தொடக்கம் இரண்டு: "அவளுக்கு இந்த வேலை கிடைக்காவிட்டால் ஒரு குடும்பமே மூட்டை கட்ட வேண்டும்." விஷயம் சரிதான். ஆனால் எடுத்த எடுப்பில் வாசகரின் கழுத்தில் துண்டைப் போடுவது எனக்குப் பிடிக்காது. (போட்டாகிவிட்டது. எடுக்கப்போவதில்லை.)

தொடக்கம் மூன்று: "சலவையறை அக்காவைத் தெரியாதவர்கள் அந்தக் கட்டடத்தில் கிடையாது." இதில் கொஞ்சம் காற்று வருகிறது. இப்படியே போவோம்.

அது பல்கலைக்கழகத்துக்குப் பின்தெருவில் இருக்கும் அடுக்குமாடிக் கட்டடம். குடியிருப்பவர்களில் பாதிப் பேர் மாணவர்கள். தரைத்தளத்தில் எல்லோருக்கும் பொதுவாகச் சலவை இயந்திரங்கள் வைத்த அறை. ஈரவாடை, எப்போதும் மூடாத ஒரு ஜன்னல், சுற்றும்போது தரையில் நகர்ந்து நகர்ந்து வரும் ஒரு பழைய இயந்திரம். அதை இடுப்பால் முட்டுக்கொடுத்து நிறுத்திக்கொண்டே அவள் மற்றவர்களுக்கு வழி சொல்வாள். விசா நீட்டிப்புக்கு எந்த ஜன்னலில் நிற்க வேண்டும், மேற்பார்வை செய்யும் பேராசிரியர் பதிலே போடாவிட்டால் யாருக்கு எழுத வேண்டும், வீட்டுக்காரர் முன்பணத்தைப் பிடித்துக்கொண்டால் என்ன செய்யலாம் என்று எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவளும் ஒரு காலத்தில் மாணவியாக வந்தவள்தான். செய்யக்கூடிய தப்பு எல்லாவற்றையும் செய்து, அதிலிருந்து வெளியே வரும் வழியையும் கண்டுபிடித்தவள்.

இப்போது பல்கலைக்கழக வாசலில் ஆய்வேடுகளைப் பிரதியெடுத்து அட்டை போடும் கடையில் அரைநாள் வேலை. அந்த நாட்டில் அரைநாள் வேலையைக் காட்டித் தங்க முடியாது. குடும்பம் தங்கியிருந்தது கணவனின் வேலையை வைத்து. அவன் வேலை பார்த்த நிறுவனம் இழுத்து மூடப்பட்டுவிட்டது. அனுமதிக் காலம் முடிவதற்குள் இருவரில் ஒருவருக்கு முழுநேர வேலை கிடைத்தாக வேண்டும். மகளுக்குப் பள்ளியின் கடைசி வருடம். பரீட்சைக்கு நடுவில் பெட்டி கட்டினால் படித்ததெல்லாம் பாழ்.

ஊருக்குத் திரும்புவது என்ன அவ்வளவு பெரிய தண்டனையா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அவள் மகளின் அறைக் கதவைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

3

இந்தக் கணவனை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் பிரதியில் அவனை முசுடாக எழுதினேன். "நீ போய் அவங்க முன்னாடி உளறிக்கொட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டு எழுந்து, கதவை அறைந்து சாத்திக்கொண்டு — இல்லை, சாத்தவில்லை. வேலை போன ஆண் என்றால் கதவைச் சாத்தித்தான் ஆக வேண்டும் என்று எனக்கு யார் சொன்னது? இரண்டாம் பிரதியில் அவனையே வெட்டினேன். அவன் இல்லாமல், யாருக்காக அவள் இத்தனை பதறுகிறாள் என்பது தெரியாமல் போயிற்று. ஆகவே வெட்கத்தோடு திரும்பக் கூட்டிவந்தேன். நல்லவேளை, அவன் மனஸ்தாபம் பார்க்கிறவன் இல்லை.

வந்தவன் தேர்வுக்குழுவாக மாறிவிட்டான். சமையலறை மேசையில் மூன்று நாற்காலியைப் போட்டு, மூன்றிலும் மாறி மாறி உட்கார்ந்து கேள்வி கேட்டான். இடது நாற்காலிக்குக் கோபம், வலது நாற்காலிக்குத் தூக்கம், நடு நாற்காலிக்குப் புன்னகை. மகள் தண்ணீர் குடிக்க வந்து, அப்பா தனியாக மூன்று பேராக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்காமலே திரும்பிப் போனாள்.

சிரித்துக்கொண்டே இருந்தவன் ஒரு கட்டத்தில் சிரிப்பை நிறுத்தினான்.

"சலவையறையில நீ செஞ்சதையெல்லாம் அங்க பெருமையா எடுத்து விடாதே. இங்க லைசென்ஸ் இல்லாம விசா ஆலோசனை சொல்றது குத்தம். 'தகவல் பகிர்ந்துக்கிட்டேன்'னு சொல்லு, போதும்."

"வருஷக்கணக்கா நான் செஞ்ச ஒரே உருப்படியான வேலை அதுதாங்க. அதையே மறைச்சுட்டு வேற எதைக் காட்டறது?"

"இன்னொண்ணு. எதிர்ல ஒரு பொண்ணை மாணவியா நடிக்க வைப்பாங்க. நீ ஆலோசகரா பேசணும். அங்க போய் இரக்கப்பட்டு நிக்காதே. இரக்கத்துக்கு மார்க் கிடையாது. அந்த வாக்கியத்தை முதல்ல சொல்லிடு. மாணவர் விசா விதியை மீறினது தெரிஞ்சா மேல சொல்லியாகணும். அதுக்குத்தான் அந்த வாக்கியம்."

அவன் சொன்னது எல்லாமே சரி. (கதையில் வரும் கணவர்கள் சொல்வது சரியாக இருந்தால் கதாசிரியனுக்குப் பெரிய தலைவலி.)

4

நேர்முகத் தேர்வுக்குள் போகுமுன் மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த அறையில் பேசியது அந்த ஊர் மொழி. நான் தமிழில்தான் எழுத முடியும். அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொள்வோம். அவர்கள் மொழியில் பேசுவதை எழுத்துத் தமிழில் தருகிறேன். வீட்டில் பேசுவது போன்ற தமிழ் வந்தால், அங்கே நிஜமாகவே தமிழ் பேசப்படுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன ஏற்பாடுதான், ஆனால் பின்னால் இதை நம்பித்தான் பிழைப்பு ஓடப்போகிறது.

நடைபாதையில் தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று அவள் கணவனுக்குப் போன் செய்தாள். "கூப்பிடப்போறாங்க, வச்சிடறேன். பாப்பாவைச் சாப்பிடச் சொல்லுங்க" என்று வைத்தாள். காகிதக் கோப்பையோடு நின்றிருந்த ஒரு பெண் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். இருபது வயது இருக்கும். புருவத்திலும் முன்னங்கையிலும் மாவு போல ஏதோ வெள்ளை. இருவரும் சிரித்துக்கொண்டார்கள். அதற்குள் கதவு திறந்தது.

அறைக்குள் நீள மேசை. ஜன்னல் திரை பாதி இறங்கி, சரியாக விண்ணப்பதாரரின் கண்ணில் வெயில் அடிக்கும்படி நின்றிருந்தது. நடுவில் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் தலைவி, மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தார். இடதுபக்கம் ஒரு பேராசிரியர், குழுவில் பேராசிரியர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதற்காக இருந்தார். வலதுபக்கம் விதிகளைக் கவனிக்கும் அதிகாரி. மாணவர் விசாவில் சிறு மீறல் தெரிந்தாலும் குடியேற்றத் துறைக்கு எழுத வேண்டியது அவர் பொறுப்பு. இவரை விதிக்காரர் என்று கூப்பிடுவோம். கெட்டவர் இல்லை. அவள் கண் கூசுவதைக் கவனித்து, எழுந்து போய்த் திரையை இறக்கிவிட்டவர் அவர்தான்.

கேள்விகள் நன்றாகவே போயின. தகவல் பகிர்ந்துகொண்டேன் என்றாள், நாக்கு சுடவில்லை. தலைவி இரண்டு முறை தலையாட்டினார். வேலை கிடைத்துவிடும் போலிருக்கிறதே என்று அவளுக்கு முதன்முதலாகத் தோன்றியது.

பிறகு நடிக்க வரும் மாணவியைக் கூப்பிட்டார்கள். தண்ணீர் இயந்திரத்துப் பெண் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

5

(இங்கே நான் நான்கு நாள் எழுதாமல் கிடந்தேன். அந்தப் பெண் என் சொல்பேச்சு கேட்கவில்லை.)

அலுவலகம் அவளுக்கு எழுதிக் கொடுத்திருந்த பாத்திரம் சாதாரணமானது. தூக்கம் வராத, நண்பர்கள் இல்லாத, வகுப்புக்குப் போகாத ஒரு மாணவி. அன்று காலை வந்த மற்ற விண்ணப்பதாரர்களிடம் அதை அப்படியே நடித்துக் காட்டியிருந்தாள். மணிக்கு இவ்வளவு என்று கூலி. கொஞ்சம் தொண்டை கம்ம வேண்டும், ஒரு முறை கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

நம்மவளிடமும் அப்படித்தான் ஆரம்பித்தாள். கதவைச் சாத்திய வேகத்தில் பேசத் தொடங்கிவிட்டதால், முதலில் சொல்ல வேண்டிய அந்த வாக்கியத்தைச் சொல்ல இவளுக்கு இடமே கிடைக்கவில்லை. போகட்டும், இடையில் சொல்லிக்கொள்ளலாம் என்று இவள் தூக்கத்தைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றி, வீட்டுக்குப் பேசுவதைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டாள். பேராசிரியர்கூடக் கைக்கடிகாரத்தை மறந்துவிட்டார்.

"இன்னொன்றும் கேட்க வேண்டும், அக்கா" என்றாள் அந்தப் பெண். அந்த ஊர் மொழி வாக்கியத்தின் வாலில் ஒரே ஒரு தமிழ்ச் சொல். குழு அதை ஏதோ பெயர் என்று எடுத்துக்கொண்டது.

ஒரு பேக்கரியில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். மாணவர்கள் ஒரு வாரத்தில் இத்தனை மணி நேரம்தான் வேலை பார்க்கலாம் என்று அளவு உண்டு, இதுவரை அதைத் தாண்டியதில்லை. இந்த வாரம் ஆள் வரவில்லையென்று முதலாளி கூடுதலாக வரச் சொன்னார், முகத்துக்கு நேரே மறுக்கத் தெரியவில்லை. அதோடு வேறோர் இடத்திலும் இன்றைக்கு ஒரு சின்ன வேலை ஒப்புக்கொண்டிருந்தாள். இன்று காலையில்தான் இரண்டையும் கூட்டிப் பார்த்தாள். அளவு தாண்டிவிட்டது. இதைத் தானாகப் போய்ச் சொல்லிவிடுவதா, பேசாமல் இருப்பதா? சொன்னால் அனுப்பிவிடுவார்களா?

தலைவி பாத்திரக் குறிப்பைப் புரட்டினார், திருப்பிப் புரட்டினார். அதில் பேக்கரி இல்லை. பிறகு புருவத்தை உயர்த்திப் பேராசிரியரைப் பார்த்துப் புன்னகைத்தார். பெண் நன்றாகச் சொந்தச் சரக்கைச் சேர்க்கிறாள் என்று அர்த்தம்.

"வேறோர் இடம் என்றால் எங்கே?" என்று இவள் ஆலோசகர் தோரணையிலேயே கேட்டாள்.

அந்தப் பெண் மேசையைப் பார்த்தாள். மேசைக்குப் பின்னால் இருந்த மூன்று பேரையும் பார்த்தாள். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வேறோர் இடம் இந்த அறைதான்.

இவள் ஊகித்துவிட்டாள். எந்த அலுவலகம் மாணவர்களின் வேலை நேரத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு கவனிக்கிறதோ, அதே அலுவலகம் கூலிக்குக் கூப்பிட்டதில்தான் அளவு தாண்டியிருக்கிறது. அதை அந்தப் பெண் விதிக்காரரின் முழங்கைக்கு அருகில் உட்கார்ந்து, நாடகம் என்ற போர்வைக்குள் வைத்துக் கேட்கிறாள். கேட்பதற்கு அவளுக்கு வேறு ஆள் இல்லை. கதை என்று சொல்லிக்கொண்டு உண்மையைச் சொல்வது என் தொழில். என் தொழிலை என் கண்ணெதிரிலேயே ஒரு சின்னப் பெண் பிடுங்கிக்கொண்டாள்.

6

நிலைமையைத் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் இனி நிதானமாக நின்று விளக்க நேரம் இருக்காது.

அந்தப் பெண் இதுவரை பேசியது நாடகக் கணக்கில்தான் வரும். பாத்திரம் பேசியதற்கு யாரும் யாருக்கும் எழுத வேண்டியதில்லை. இவள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. மனப்பாடம் செய்த வாக்கியத்தைச் சொல்லி, "இதை நான் மேலே தெரிவிக்க வேண்டியிருக்கும்" என்று முடித்தால் முழு மதிப்பெண். வேலை, அனுமதி, மகளின் பரீட்சை எல்லாம் நேராகிவிடும். ஆனால் அது எதிரே இருப்பவளின் காதில் பாத்திரத்துக்குச் சொன்ன பதிலாகவா விழும்? அந்த இடத்திலேயே உடைந்து அழுதுவிடுவாள். அழுகையைப் பார்த்து விதிக்காரர் நிமிர்வார்.

இவள் கைகளை மேசைக்கு அடியில் கோத்துக்கொண்டாள். கணவன் சொன்னது காதில் ஓடியது. இரக்கத்துக்கு மார்க் கிடையாது. அந்த ஊர் மொழியில் முதல் சொல்லை எடுத்தாள். "நீங்கள் சொல்வதை" — அதற்கு மேல் வரவில்லை. அந்தப் பெண்ணின் உதடு ஏற்கெனவே நடுங்க ஆரம்பித்திருந்தது.

சலவையறையில் யாராவது இப்படி வந்து நின்றால் இவள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பழக்கம் யாரை விட்டது? வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இது உன் விஷயமா, அவங்க எழுதிக் குடுத்ததா?"

"என்னுதுதான் அக்கா. நாடகத்துக்குள்ள வச்சுக் கேட்டா யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன்."

"சரி. இதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதே. அழாதே. அழுதா நிஜம்னு தெரிஞ்சிடும். சாயங்காலம் நான் உன்னைப் பார்க்கறேன்."

அவ்வளவுதான் பேச்சு. இதை எழுதிவிட்டு நான் பேனாவை வைத்துவிட்டேன். அவள் அந்தக் கேள்வியைக் கேட்காமலே இருந்திருக்கலாம். அதுவரை வெறும் ஊகம், கேட்ட நொடியிலிருந்து அவளுக்கு அது நிஜம் என்று தெரியும். தெரிந்ததைத் தெரியாது என்று சொல்ல முடியாத வேலைக்குத்தான் அவள் வந்திருக்கிறாள்.

தலைவி கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார். கோபம் இல்லை, ஆர்வம்தான்.

"இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இருப்பது நல்ல விஷயம். ஆனால் நாங்கள் மதிப்பெண் போட வேண்டும். நீங்கள் மாணவியிடம் என்ன சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார், இரண்டையும் அப்படியே எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்."

விதிக்காரர் முதன்முறையாக அந்தப் பெண்ணை உற்றுப் பார்த்தார். புருவத்தில் ஒட்டியிருந்த மாவைப் பார்த்தார்.

"அவர் பாத்திரமாகத்தானே பேசினார்?" என்றார்.

7

எழுதிக் கிழித்த முடிவுகள் இவை. குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்துத் தருகிறேன், யோக்கியதையை நீங்களே பாருங்கள்.

பொய் சொல்கிறாள். "மனதைத் தளரவிடாதே என்று ஆறுதல் சொன்னேன்" என்கிறாள். கூசாமல் சொல்கிறாள். வேலை கிடைக்கிறது. எழுதும்போது எனக்கே கை தட்டத் தோன்றியது. மறுநாள் காலையில் படித்தேன். மாணவர்களும் அலுவலகமும் ஒருசேர நம்ப வேண்டிய நாற்காலியில் அவள் முதல் வேலையாக ஒரு பொய்யை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். இனி ஒவ்வொரு தடவை அந்தப் பெண்ணை நடைபாதையில் பார்க்கும்போதும் இருவரும் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

உண்மையைச் சொல்கிறாள். தவறு அலுவலகத்துடையதும்தான் என்று தலைவி அந்தப் பெண்ணுக்காகப் பேசுகிறார், விதிக்காரர் மனமிரங்குகிறார். நல்ல முடிவு. இதில் விதிக்காரர் மனமிரங்குவது நான் இரங்க வைத்ததால்தான். நான் கையை எடுத்துவிட்டால் அவர் எழுத வேண்டியதை எழுதுவார், அது அவர் வேலை. அந்தப் பெண் பாதிப் படிப்போடு விமானம் ஏறுவாள்.

சொல்ல மறுக்கிறாள். "மாணவி என்னை நம்பிச் சொன்னதை நான் சொல்ல மாட்டேன்" என்று நிமிர்ந்து நிற்கிறாள். கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் பாத்திரம் பேசியதை யாராவது மறைப்பார்களா? மறைத்தாலே அது நிஜம் என்று விதிக்காரருக்கு விளங்கிவிடும். வாயைத் திறக்காமலே காட்டிக்கொடுத்த கதை ஆகிவிடும்.

அந்தப் பெண்ணே எழுந்து நின்று ஒப்புக்கொள்கிறாள். இதை எழுதினேன், எனக்கே பிடிக்கவில்லை. அறையில் இருப்பதிலேயே சின்னவளின் தலையில் மொத்தப் பாரத்தையும் இறக்கிவிட்டு, பெரியவர்கள் நாங்கள் கையைத் துடைத்துக்கொள்வதா?

தீ அபாய மணி அடிக்கிறது. (இதையும் எழுதினேன். மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன், ஐந்தாவது காப்பிக்குப் பிறகு யாருக்கும் இப்படித்தான் வரும்.)

ஆறாவது முடிவு என்னிடம் இல்லை. இருந்தாலும் தர மாட்டேன். நான் தருகிற எதையும் நீங்கள் "அப்படியா" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்புவீர்கள். அவளுக்கு அப்படித் திருப்ப ஒரு பக்கம் கிடையாது. வீட்டில் ஒருவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலி மாற்றி நாற்காலி உட்கார்ந்துகொண்டிருக்கிறான். அவள் அந்த ஊர் மொழி, தமிழ் இரண்டுமே கைவிட நிற்கிறாள். அவளைக் குறைசொல்ல என் மனம் ஒப்பவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் இப்படித்தான் நிற்பேன்.

ஆனால் தலைவி கேள்வி கேட்டாகிவிட்டது. பேனா திறந்திருக்கிறது. யாராவது பதில் சொல்லியாக வேண்டும். அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்களை எண்ணிப் பார்க்கிறேன். அவள் பேச முடியாமல் இருக்கிறாள். அந்தப் பெண் பேசக்கூடாது. நான் இந்த முடிச்சைப் போட்டவன், என் வார்த்தையை யாரும் நம்ப மாட்டார்கள்.

நீங்கள் இருக்கிறீர்கள். அவர்கள் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் உங்களுக்குப் புரிந்தது. எங்கே தமிழ் பேசப்பட்டது என்பதும் தெரியும். விதிக்காரர் உங்கள் பக்கம் திரும்பிவிட்டார். அழாதே என்று சொன்னதால் அந்தப் பெண் கண்ணை இமைக்காமல் உங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

சொல்லுங்கள். அவர் பாத்திரமாகத்தானே பேசினார்?